மிதந்த விதை

மேல வைக்க வேண்டாமுங்க கண்டக்டரே, இந்தப் பை என்ற மடியிலயே இருக்கட்டும். எடத்த அடைக்குதுன்னா அதுக்கும் ஒரு டிக்கெட்டு கிழிச்சுக்குங்க. போறாரு பாரு, மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு. சித்த நகுந்துக்க கண்ணு. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. நீயும் கோத்தகிரிதானா? நல்லதாப் போச்சு, ஒட்டுக்காப் பேசிக்கிட்டே போயிறலாம்.

பையில ஒண்ணுமில்ல, ஈரக் கோணியில சுத்துன மூணு நாத்து. உன்ற துணியில பட்டுரும்னு ஒதுங்காத, வெறும் ஈரந்தான், சேறு இல்ல. பனை நாத்து. பனைன்னா நொங்கு காய்க்குமே அது இல்ல. அழகுக்கு வைக்கற பனை. பெரிய ஓட்டல் வாசல்ல, கல்யாண மண்டபத்துல எல்லாம் ரெண்டு பக்கமும் நட்டு வச்சிருப்பாங்களே, அடி பெருத்து, வழவழன்னு, அந்தச் சாதி. மேட்டுப்பாளையத்துக்கு இந்தாண்ட மலையடிவாரத்துல எங்க தோட்டம். நூத்தி இருவது சாதிப் பனை நிக்குது. வெதை ரூமுக்கு நாந்தான் பொறுப்பு. சாவி எப்பவும் என்ற இடுப்புலதான் இருக்கும். இன்னைக்குத்தான் மேனேசருகிட்டக் குடுத்துப் போட்டு லீவு சொல்லீட்டு வந்தேன்.

யாரப் பாக்கப் போறனா? ஒரு புள்ளையப் பாக்க. பாக்கன்னு இல்ல, கேக்க. நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டுப் போட்டு இதே பஸ்ஸுல திரும்பிறலாம்னுதான் காலையில கெளம்புனேன். ஆனா உடம்பு வணங்க மாட்டேங்குது. ரெண்டு மாசமா ராவும் பகலும் ஒரே யோசன. சலிச்சுப் போச்சு கண்ணு.

நான் பனைத்தோட்டத்துக்கு வந்து ஏழு வருசந்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி பத்தொம்பது வருசம் காய்கறி வெதைக் கம்பெனியில இருந்தேன். தக்காளி, கத்திரி, மொளகா. கோல்டு ரூமு என்ற கையில. வெதைய எடுத்துப் பல்லுல ஒரு கடி கடிச்சாப் போதும், ஈரம் எச்சா இருக்குதா, சரியா இருக்குதான்னு சொல்லிப்போடுவேன். மிஷின வச்சுப் பாத்துட்டு, "மாராத்தா சொன்னது சரிதான்"னு ஆபீசருமாருங்களே தலையாட்டுவாங்க. வெதைன்னா ரெண்டே சங்கதிதான் கண்ணு. காய வைக்கோணும், குளுர்ல வைக்கோணும். அம்புட்டுத்தான் வித்தை. காஞ்ச வெதை தூங்கும். ஈர வெதை அழுகும். பத்தொம்பது வருசம் அதுதான் என்ற சோறு. என்ற கை பட்ட வெதை முளைக்கலன்னு ஒரு விவசாயி வந்து நின்னதில்ல.

அப்படி இருந்தவளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க ஒரு புள்ள வந்துச்சு. பேரு ஷமீனா. ஆம்பூர்ப் பக்கம். பனை வெதையப் பத்தியே படிச்ச புள்ளையாமா. அதுக்குன்னு ஒரு படிப்பு இருக்குதாட்ட இருக்குது. ரெண்டு வருசக் காண்ட்ராக்டுல எங்க தோட்டத்துக்கு வந்துச்சு. இருவத்தெட்டு வயசு இருக்கும், குச்சியாட்ட ஒடம்பு. வந்த மொத நாளே கோல்டு ரூமுக் கதவத் தொறந்து பாத்துட்டு, "அக்கா, இது நமக்கு அவ்வளவா வேண்டாம்க்கா. முக்காவாசிப் பனை வெதை காஞ்சாலே செத்துரும்"னு சொல்லுது. எனக்கு எப்படி இருந்திருக்கும் பாரு. "சரிங்க மேடம்"னேன். மேடம்னு சொல்லாதீங்க, பேரச் சொல்லுங்கன்னுச்சு. நான் மேடம்னுதான் சொன்னேன்.

கெட்ட புள்ளன்னு சொல்ல மாட்டேன். மத்தியானம் என்ற கூடத்தான் உக்காந்து சோறு திங்கும். அது டப்பாவுல இருக்கற முட்டைய எடுத்து என்ற சோத்துல வைக்கும், என்ற புளிச்சாற எடுத்து அது ஊத்திக்கும். என்னத்தச் சொல்ல.

தோட்டத்து நடுவுல ஒரு மரம் இருந்துச்சு. ஏதோ தீவுல இருந்து வெள்ளக்காரன் கொண்டாந்து வச்சதாமா. அதோட பேரு எங்க வாயில நுழையாது. மட்டை ஒவ்வொண்ணும் சாமிக்கு வீசற சாமரமாட்டவே இருக்கும், அதனால சாமரப் பனைன்னு நாங்களா ஒரு பேரு வச்சுக்கிட்டோம். ஒத்தை மரம். இந்த நாட்டுலயே வேற எங்கியும் இருக்கறதாத் தெரியலன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. அந்தச் சாதி உசுரோட இருக்கற காலத்துல ஒருக்காத்தான் பூக்கும். பூத்துக் காச்சுதுன்னா மரம் போயிரும். எங்க மரம் போன வருசத்துக்கு முந்தின வருசம் பூத்துச்சு. உச்சியில தேர்க் கலசமாட்ட எந்திரிச்சு நின்னுச்சு. ஊருச்சனமெல்லாம் வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போச்சு. அந்தப் புள்ள மட்டும் அண்ணாந்து பாத்துட்டுக் கண்ணு கலங்கி நிக்குது. "ஏன் மேடம் அழுகறீங்க, பூத்ததுக்குச் சந்தோசந்தானப் படோணும்"னேன். "இதுதாங்க்கா நமக்குக் கெடைக்கற ஒரே வாய்ப்பு"ன்னுச்சு.

காய் பழுக்க ஒரு வருசம் ஆச்சு. தை மாசம் எறக்குனோம். அந்தப் பழத்துச் சதை இருக்குதே, கையில பட்டா நமைச்சல் எடுத்துரும். உறை போட்டாலும் உள்ள எறங்கீரும். நானும் அதுவும் தொட்டிக்குழாய்க்கிட்ட உக்காந்து மூணு நாளு சதைய உரிச்சோம். ராவெல்லாம் சொறிஞ்சுக்கிட்டு, காலையில வந்து ஆளுக்காளு கையக் காட்டிச் சிரிப்போம். தேங்கா எண்ணெய நான்தான் அது கையில தேச்சு உட்டேன்.

உரிச்ச வெதையத் தண்ணியில போட்டோம். அது வழக்கம். முழுகறது நல்ல வெதை, மிதக்கறது பதரு. முன்னூத்திப் பதினெட்டு முழுகுச்சு. நாப்பத்தாறு மிதந்துச்சு. மிதந்தத நாந்தான் கையால அள்ளித் தொட்டிக்குக் கீழ சாக்கடையில வீசுனேன். "பதருக்கா அது?"ன்னு அந்தப் புள்ள கேட்டுச்சு. "பத்தொம்பது வருசமாப் பாக்கறேன், பதருதான்"னேன். சரின்னு உட்டுருச்சு. அதுல மட்டும் என்ற பேச்சக் கேட்டுச்சு.

சித்த இருடா கண்ணு, இதுக்குத் தண்ணி தெளிச்சுக்கறேன். இந்த வளைவுக்கெல்லாம் காத்து நேரா அடிக்குது, கோணி காஞ்சு போகுது. என்ற பாட்டிலு முடிஞ்சுருச்சு பாரு. பரவால்ல, இன்னும் ஈரம் இருக்குது.

எங்க உட்டேன்? ஆங். முழுகுன முன்னூத்திப் பதினெட்டையும் அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு தெரியுமா? தென்னை நார்த்தூள நனைச்சுப் புழிஞ்சு, அதுக்குள்ள வெதையப் போட்டு, பாலிதீன் கவருல கட்டி, ஓட்டை குத்தி, சாதா ரூமுல அடுக்குச்சு. ஈரத்துல! வெதைய! எங்களாட்டப் பனை வளக்கற நாலு தோட்டத்துக்காரங்க ஆளுக்குக் கொஞ்சம் வேணும்னு கேட்டிருந்தாங்க. ஒரே எடத்துல வச்சா ஒரு நோவு வந்தா எல்லாம் போயிரும், பிரிச்சுக் குடுத்தாத்தான் சாதி தப்பிக்கும்னு அந்தப் புள்ளயோட திட்டம். அவங்க ஆளனுப்பற வரைக்கும் ரெண்டு மாசம் நம்மகிட்டப் பத்திரமா இருக்கோணும். அவ்வளவுதான் சங்கதி.

மாசி மாசம் அதோட அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில ஆப்பரேசன். பன்னெண்டு நாள் லீவுல போச்சு. போகறப்ப என்ற கையப் புடிச்சுக்கிட்டு, "கவரப் பிரிக்காதீங்கக்கா. பூசணம் மாதிரி எதாவது தெரிஞ்சா எனக்கு ஒரு போன் பண்ணுங்க, எந்நேரம்னாலும் பரவால்ல"ன்னுச்சு.

மூணாம் நாளு பாக்கறேன், ஒரு கவருல வெள்ளையாப் பூசணம். நீயே சொல்லு கண்ணு, அம்மாவ ஆப்பரேசன் தியேட்டருக்கு வெளிய உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கற புள்ளைக்குப் போனப் போட்டு "வெதை அழுகுது"ன்னு சொல்ல மனசு வருமா? எனக்கு வரல. அதுவுமில்லாம, போனப் போட்டா அது என்ன சொல்லும்? மறுக்காவும் ஈரத்துலதான் வைக்கச் சொல்லும். அந்த ஒத்தை மரத்து வெதை. மரம் வேற அங்க மஞ்சளாகி மட்டை உதுத்துக்கிட்டு நிக்குது. கண்ணு முன்னாடி அழுக உட்டுட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?

எல்லாக் கவரையும் பிரிச்சேன். ஒவ்வொரு வெதையா மல்லுத் துணியில தொடைச்சேன். பேப்பர் விரிச்சு, ஃபேனப் போட்டு, நெழல்ல அஞ்சு நாளு காய வச்சேன். பொறவு ஒரு டப்பாவுல போட்டு, கூடவே நீல மணியும் போட்டேன். நீல மணி தெரியாதா உனக்கு? புது செருப்புப் பெட்டியில ஒரு குட்டிப் பொட்டலம் இருக்குமே, அதுக்குள்ள இருக்கற மணியாட்டத்தான். கம்பெனியில கிலோக் கணக்குல வச்சிருப்போம். ஈரத்த இழுத்துக்கும். இழுக்க இழுக்க நீலம் மாறி ரோஸ் ஆயிரும். அப்படிப் போட்டு மூணு நாளு கோல்டு ரூமுல வச்சேன். எடுத்துக் குலுக்கிப் பாத்தா கலகலன்னு சத்தம். காஞ்ச வெதையோட சத்தம் கண்ணு அது. எனக்கு அப்பத்தான் உசுரு வந்துச்சு. காப்பாத்திப் போட்டோம்னு கோல்டு ரூமுக் கதவுல சாஞ்சு நின்னு ஒரு மூச்சு அழுதேன்.

அந்தப் புள்ள வர்றதுக்கு மொத நாளு மறுக்காவும் தென்னந்தூள நனைச்சு, வெதைய உள்ள போட்டு, பழைய மாதிரியே கவரக் கட்டி அடுக்கி வச்சேன். சொல்லல. எதுக்குச் சொல்லோணும்? சொன்னா அதுக்குச் சங்கடம். அம்மா வெசனத்துல வர்ற புள்ள. நல்லாத்தான இருக்குது, முளைச்சா அதோட பேருல முளைச்சதா இருக்கட்டும்னு உட்டுட்டேன்.

முளைக்கல.

சித்திரையில நாலு தோட்டத்துக்காரங்களும் ஆளுக்கு அம்பது வாங்கிக்கிட்டுப் போனாங்க. மிச்சத்த நாங்க போட்டோம். வைகாசி, ஆனி, ஆடி... ஒண்ணுகூட எட்டிப் பாக்கல. நாலு எடத்துல இருந்தும் போனு மேல போனு. ஆவணியில மரம் சாஞ்சுருச்சு. ஒரு காத்து மழையுமில்ல, சும்மா நின்ன எடத்துலயே ஒரு நாளு மத்தியானம் சாஞ்சுருச்சு. சோத்த வச்சுட்டு ரெண்டு பேரும் ஓடிப் போய் நின்னோம்.

அன்னைக்குச் சாயங்காலம் அந்தப் புள்ள நாங்க போட்டிருந்த வெதையில ஒண்ணத் தோண்டி எடுத்துக் கத்தியில பொளந்து பாத்துச்சு. உள்ள கரு இருக்கற குழி தனியா, கரு தனியா, பழுப்பாச் சுருங்கிக் கெடந்துச்சு. இன்னொண்ணு பொளந்துச்சு. அதுவும் அப்படித்தான். பத்துப் பன்னெண்டு பொளந்துச்சு. அப்பறம் அந்தப் பழைய கவர்ல இருந்த தென்னந்தூள மேசையில கொட்டிக் கிளறுச்சு. தெனை அளவுல ஒரு மணி. ரோஸ் நெறத்துல. எடுத்து உள்ளங்கையில வச்சு, "இது என்னக்கா?"ன்னு கேட்டுச்சு. "யாரோட பாசிமணியாச்சும் உதுந்திருக்கும் மேடம்"னேன். என்னையவே பாத்துச்சு. பொறவு அந்த மணியச் சட்டப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, "மத்தியானம் பாதியில எந்திரிச்சீங்களே, சாப்டீங்களாக்கா?"ன்னு கேட்டுச்சு. அந்தப் புள்ளைக்கு அப்படித்தான், என்ன பேசறதுன்னு ஒரு வரமொறை கெடையாது.

பெரிய ஆபீசுல இருந்து மூணு பேரு விசாரிக்க வந்தாங்க. மேனேசரு என்னக் கூப்புட்டு, "மாராத்தா, நீ எதாவது தொட்டயா?"ன்னாரு. "மேடம் சொன்னபடிதானுங்க செஞ்சேன்"னேன். அந்தப் புள்ள பக்கத்துலதான் நின்னுச்சு. நான் சொன்னதும் அது தலைய நிமுத்தி, "அக்கா நான் சொன்னதத்தான் சார் செஞ்சாங்க. சேமிச்ச முறையில தப்பு என்னோடது"ன்னுச்சு. பேப்பர்லயும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருச்சு. அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் சொன்னனல்ல, ஈரத்துல வைக்காதன்னு... சரி, வாயத் தொறந்து சொல்லல, மனசுல சொன்னனல்ல. கடைசீல அதுவே ஒத்துக்கிச்சே, அப்படின்னு இருந்துச்சு. நெசமாலுமே அப்படித்தான் இருந்துச்சு.

காண்ட்ராக்ட நீட்டல. புரட்டாசியில பொட்டியக் கட்டிருச்சு. இப்ப கோத்தகிரியில பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருதாமா. கெளம்பறப்ப வெதை ரூமு வாசல்ல வந்து நின்னு, "அக்கா, இனி எப்பப் பனை வெதை வந்தாலும் ஈரம் காயாம பாத்துக்கங்க"ன்னுச்சு. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. எல்லாத்தையும் சாகடிச்சுப் போட்டு இன்னும் எனக்கே பாடமான்னு கதவச் சாத்திக்கிட்டேன்.

பஸ்ஸு ஏன் நிக்குது? ஆனையா? ஓ, லாரிக்கு வழி உடறாங்களா. சரி சரி.

கார்த்திகையில தொட்டிக்கிட்ட அடைப்பு எடுக்க ஆளில்லைன்னு நானே மம்பட்டியக் கொண்டுக்கிட்டுப் போனேன். சாக்கடை ஓரத்துல எலை மக்கிச் சதசதன்னு கெடக்குது. அதுக்குள்ள பச்சையா மூணு ஈட்டி. புல்லுன்னு நெனச்சுப் புடுங்கப் போனேன். கையில வரல. கீழ நோண்டிப் பாத்தா வெதையோட நிக்குது. அந்த வெதைய எனக்குத் தெரியாதா? கை நமைக்க நமைக்க உரிச்ச வெதை.

நான் வீசுன பதரு கண்ணு. மிதந்ததுதான்.

யாருகிட்டயும் சொல்லல. மேனேசருகிட்டச் சொல்லியிருந்தா என்னத் தலைமேல தூக்கி வச்சிருப்பாரு. சொல்லத் தோணல. ரெண்டு மாசம் ஒரு பழைய கூடையில மூடி வச்சு வளத்துனேன். அப்பத்தான், போயி அந்தப் புள்ளையக் கேக்கோணும்னு வைராக்கியம் வந்துச்சு. "நீ பொத்திப் பொத்தி ஈரத்துல வச்சது அத்தனையும் செத்துச்சு, நான் குப்பையில எறிஞ்சது முளைச்சிருக்குது பாரு. இதுக்கு என்ன சொல்றே?" அப்படின்னு நறுக்குன்னு கேக்கோணும். காலையில கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிக்கூடப் பாத்துக்கிட்டேன்.

என்ன கேட்டே? தொட்டிக்குக் கீழ வெயிலு படுமான்னா? எங்க படும். மேல பலாமரம். குழாய் வேற ஒழுகிக்கிட்டே இருக்கும், எத்தன தடவை சொல்லியும் மாத்தித் தரல. பத்து மாசமும் அது ஈரத்துலயேதான் கெடந்துச்சு.

...

இல்ல கண்ணு, ஒண்ணுமில்ல. காத்து மூஞ்சியில அடிக்குது. சன்னலச் சாத்து.

அந்த ரோஸ் மணிய அது ஏன் பாக்கெட்டுல போட்டுக்கிச்சு? மேனேசருகிட்டக் காட்டியிருக்கலாமல்ல. கோல்டு ரூமுல நீல மணி வச்சிருக்கறவ நான் ஒருத்திதான், அது எல்லாருக்கும் தெரியும். மேசை மேல வச்சிருந்தாப் போதுமே. சாப்டீங்களாக்கான்னு கேக்குது. நான் சாப்புடலைன்னு சொன்னேன். அதுவே போயி டப்பாவ எடுத்தாந்து குடுத்துச்சு. நானும் தின்னேன். எப்படித் தின்னேன்னு தெரியல.

கோத்தகிரி வந்துருச்சா? அதுக்குள்ளயா. நீ மொதல்ல எறங்கு, நான் மெதுவா வர்றேன். காலு மரத்துப் போச்சு. இதே பஸ்ஸு திரும்பறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வேண்டாம், கேக்காத. நடந்தே போயிர்றேன். அது என்ன சொன்னாலும் நின்னு கேட்டுக்கறேன். ஒண்ணும் சொல்லாம சோறு போட்டுச்சுன்னாத்தான் என்ன பண்றதுன்னு தெரியல.

கண்ணு, உன்ற பாட்டில்ல தண்ணி மிச்சமிருந்தா இந்தக் கோணியில ஊத்தி உடு. பள்ளிக்கூடம் மேட்டுல இருக்குதாமா, நான் ஏறிப் போறதுக்குள்ள காஞ்சுரும். இன்னங் கொஞ்சம். வேருக்கிட்ட ஊத்து. ஆங், போதும். பனை வெதை காயக் கூடாது கண்ணு, காஞ்சா செத்துரும். யாரு சொன்னாங்கன்னா கேக்கறே? அந்தப் புள்ளதான். வந்த மொத நாளே சொல்லுச்சு.